கருப்பனுக்கு நேர்ந்த சுருட்டு

14-2-84
லீவு போட்டு இவரை மதுரைக்குக் கூட்டிப்போனேன். போடிமெட்டு ஸ்டோரில் விறகடுப்புச் சூட்டில் ஏலக்காய் உலர்த்துகிற மனுஷன். அந்தப் புகை போதாதென்று பீடி வேறு. மூச்சுக்குழாய் சுருங்கிக் கிடக்கிறதாம். வாயில் வைத்து அழுத்தி உள்ளே இழுக்கிற மருந்து கொடுத்தார் டாக்டர். "பீடி குடிச்சுக்கிட்டே இழுத்தா இந்த மருந்து சரியா கேக்காது பெரியகருப்பன்" என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார் பாருங்கள், பூம்பூம் மாடு தோற்றது.

3-3-84
பீடி பற்றவைக்கும் முன் மருந்தை ஓர் அழுத்து அழுத்திக்கொள்கிறார். ஏன் என்றால், "நெஞ்சு தெறந்துக்கிருது புள்ள. பீடி நல்லா எறங்குது" என்கிறார். வகுப்பில் அறுபது பிள்ளைகளை அடக்குகிறேன். இவர் ஒருத்தரை முடியவில்லை.

19-3-84
பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் இழுப்பு. உதடு நீலம் பாரித்துவிட்டது. அவரே பயந்துபோனார். கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டேன்: பீடியை விட்டால் ஒரு கட்டுச் சுருட்டு. கருப்பன் வேறு எதைக் கேட்பார்?

10-6-84
பீடி இல்லை! மருந்து கேட்கிறது. குரங்கணி ஏற்றத்தில் என்னை முந்திக்கொண்டு நடந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

10-8-84
கருப்பன் கோயில் பொங்கல். எங்கள் பங்காளிகளுக்கு இவர்தான் சாமியாடி. இளைப்பு வந்தபிறகு கொழுந்தன் காசிமாயன்தான் ஆடிவந்தார். இந்த வருடம் இவருக்கு மூச்சு இருக்கிறதே. உறுமிச் சத்தம் கேட்டதும் சாமி இவர்மேலேயே இறங்கிவிட்டது. அரிவாள்மேல் நின்று சுருட்டுக் கேட்டது. நான் நேர்ந்த கட்டுதான். ஒன்று விடாமல் குடித்தார். சாமியை யார் தடுப்பது? நாத்தனார் ராக்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொடுத்து வச்சிருக்கணும் மதினி. ஒங்க படையலைக் கேட்டு வாங்குது சாமி."

12-8-84
பீடி. கேட்டதற்கு, "சாமி குடிச்சதுக்கு நானா பொறுப்பு?" என்றார். அது சாமி, சரி. இது யாரு? நேந்தது யாரு — நான்தானே, பாவி மக. புகையை நிறுத்தச் சொல்லிப் புகையவே நேந்திருக்கேன்.

18-1-85
டாக்டர் மருந்தைக் கூட்டிக்கொடுத்தார். முன்போலக் கேட்கவில்லை. புகை நிற்காமல் எத்தனை அழுத்து அழுத்தினாலும் இவ்வளவுதான் என்றார்.  

2-9-85
ஸ்டோர் வேலையை விட்டுவிட்டார். உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

22-11-85
காலையில் பீடி கேட்டார். கொடுத்தேன். சண்டை போட எனக்கும் தெம்பில்லை. தீக்குச்சியைக் காட்டினேன், இழுத்தார். கங்கு பிடிக்கவில்லை. இன்னொரு குச்சி. அதற்கும் இழுக்க மூச்சில்லை. பயந்துபோய் மருந்தை வாயில் வைத்து அழுத்தினேன். அதுவும் உள்ளே போகாமல் உதட்டோரமாக வெளியே வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பீடிக்கட்டை என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ புள்ள. விட்டுட்டேன்."

இதைக் கேட்கத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன். வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தனுப்பினேன். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை.