கைத்தையல் நேரத்தில் வந்த கடற்கொள்ளையர்கள்

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது,

இங்கே வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. ஃபோன் இருக்கும்போது எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் என் வாய் முந்திக்கொள்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கையில் சேர்த்துவிடுவார்களாம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுதுபார்க்கிற மனுஷன் நம் வீட்டுப் படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். உன் தங்கை ஒருவழியாக டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், போன தடவை அவள் இடித்த கம்பம் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது, நாங்கள் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

எங்கள் தையல் கூடம் உனக்குத் தெரியும், திரைச்சீலைக் கடைக்குப் பின்னால், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். காலையெல்லாம் மெஷின் சத்தத்தில் ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குக் கேட்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஓரம் மடித்துக் கையால் தைக்கிற வேலை, அப்போது மெஷின்கள் ஓய்ந்திருக்கும், நாங்கள் நான்கு பேரும் முறை வைத்துக்கொண்டு ஒருத்தி கதை படிக்க மற்றவர்கள் தைப்போம், படிக்கிறவளின் துணியையும் அவர்களே பங்கு போட்டுத் தைத்துக் கொடுப்பார்கள். குடும்பக் கதை எடுத்தால் கட்டிங் அக்கா, துணி வெட்டுகிறாளே அவள்தான், "இதுக்கு நான் எங்க வீட்டுலயே இருந்திருப்பேனே" என்பாள். அதனால் நீ கப்பலேறியதிலிருந்து எங்களுக்குக் கடல் சாகசக் கதைதான். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அப்பா கேட்கிறார். நடுக்கடலில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, ராத்திரிக்கு என்ன சமையல் என்று கேட்பதில்லை. காற்று திரும்பினால் கப்பலில் இருக்கிற அத்தனை பேருக்கும் உடனே ஒரு வேலை இருக்கிறது, எவன் துரோகி எவன் நல்லவன் என்பதும் கடைசிப் பக்கத்துக்குள் தெரிந்துவிடுகிறது, நம் வாழ்க்கையில் அது எங்கே தெரிகிறது. அத்தியாயம் முடிகிற இடத்தில் கப்பல் பாறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும், நாங்கள் மறுநாள் வேலைக்கு ஓட்டமும் நடையுமாக வருவோம். யார் வீட்டு ஜன்னலுக்கோ ஓரம் தைக்கிற எங்களுக்குக் கொஞ்ச நேரம் அந்த அறையே ஆடும். கடலைக் கண்ணால் பார்த்திராத கட்டிங் அக்கா "திருப்புடா, கப்பலத் திருப்புடா" என்று கத்தி விரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் கப்பல்காரனின் அம்மா என்று எனக்குத் தனி மரியாதை வேறு, புரியாத இடம் வந்தால் என்னைத்தான் பார்ப்பார்கள், நானும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி விளக்குவேன்.

நீ ஃபோனில் சொன்ன கொள்ளையர் கதையை அங்கே எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. மூடுபனிக்குள்ளிருந்து இரண்டு படகுகள் வந்தது, நீயும் கப்பல் சமையல்காரரும் காலிப் பீப்பாய்களில் பழைய வலையைக் கட்டிப் பின்பக்கமாக உருட்டிவிட்டது, வலை சுற்றிக்கொண்டு அவர்கள் படகின் விசிறி நின்றது, "இன்னிக்கு மீனுக்குப் பதிலா திருடன் மாட்டியிருக்கான்" என்று சமையல்காரர் சொன்னது, எல்லாவற்றையும் பெருமை பிடிபடாமல் சொன்னேன். போன வாரம் எங்களிடம் புத்தகம் தீர்ந்துபோனது. உன் அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததில் ஒன்றை எடுத்துப்போனேன், அன்றைக்குப் படிக்கிற முறையும் எனக்குத்தான். பாதி அத்தியாயத்தில் மூடுபனி வந்தது, இரண்டு படகுகள் வந்தன. "உன் பையனோட கப்பல் மாதிரியே இருக்கே" என்று அவர்களே சொன்னார்கள், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த வரியில் பீப்பாயைப் பார்த்ததும் கண் தானாகக் கீழே ஓடியது, அங்கே சமையல்காரர் மீனையும் திருடனையும் சொல்லிக்கொண்டு நின்றார். மூன்று பேரும் ஊசியை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் பிள்ளையை யாரும் புளுகன் என்று நினைத்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் தோன்றியது. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நானாக ஒரு புயலைக் கிளப்பினேன், அலை எழும்பி இரண்டு படகையும் கவிழ்த்தது, சமையல்காரர் அந்தக் கப்பலிலேயே இல்லாமல் போனார். "ஏண்டி, இப்பதானே காத்தே இல்லன்னு படிச்ச, அதுக்குள்ள புயல் எங்கேருந்து வந்துச்சு" என்றாள் கட்டிங் அக்கா. கடல் என்றால் அப்படித்தான் என்று சமாளித்து, தொண்டை கட்டிவிட்டது என்று புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கூடத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது அக்கா என் பையை ஒரு பார்வை பார்த்தாள். புத்தகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, "கத கெடக்கட்டும், புள்ள நல்லா சாப்பிடுறானா, தூங்குறானா" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை தம்பி. நீ கொள்ளையர் கதை சொன்னதற்கு முந்தைய ஃபோனை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அதில் நீ உள்ளதைத்தான் சொன்னாய், நாள் முழுக்கச் சுத்தியலால் துருவைத் தட்டுவது, தட்டிய இடத்தில் பெயிண்ட் அடிப்பது, படுத்த பிறகும் என்ஜின் சத்தம் காதை விட்டுப் போகாதது, நம் பாஷை பேச ஒரு ஆள் இல்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்திருப்பது. "வேற ஒண்ணும் நடக்கலம்மா" என்றாய். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். என் குரல் எப்படிச் சப்பென்று இறங்கியிருக்கும் என்று இப்போது எனக்கே கேட்கிறது. அடுத்த ஃபோனில் கொள்ளையர்கள் வந்துவிட்டார்கள். உன்மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை கண்ணு. வேலை முடிந்து களைத்துப்போய், அம்மாவுக்கு இன்றைக்கு என்ன சொல்வது என்று படித்த கதைகளையெல்லாம் நீ மனசுக்குள் துழாவியிருப்பாயே, அதை நினைத்தால்தான் ஆறவில்லை. உன்னை அப்படித் தேடவிட்டுவிட்டேனே.

அதைவிட உறுத்துவது இன்னொன்று. கொள்ளையர் கதை சொன்ன அந்த ஃபோனின் கடைசியில், இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னாய். நான் சிரித்துக்கொண்டே, "போடு போடு, எங்களுக்கு இன்னும் நாலு கதை கிடைக்கும்" என்றேன். நீ என்ன சொல்ல நினைத்தாய் என்று நான் கேட்கவே இல்லை. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வேலை பிடித்திருந்தால் தாராளமாகப் போடு, தடுக்க மாட்டேன். வீட்டை நினைத்தோ என் முகம் வாடுமே என்றோ போடாதே. அப்பாவிடம் சொன்னதற்கு, "வரணும்னா வரட்டும், அவன் துடுப்பு போட்டுத்தான் இந்த வீடு ஓடுதா என்ன" என்றார். சொன்ன கையோடு உன் கட்டிலுக்கு அடியில் அடைத்து வைத்திருந்த தன் பழைய கம்பியையும் போல்ட்டையும் எடுத்து வெளியே போட ஆரம்பித்துவிட்டார். மிச்சக் கதையை நான் வீட்டில் தனியாகப் படித்து முடித்தேன். சண்டை ஓய்ந்ததும், எதுவும் நடக்காமல் பல வாரங்கள் கழிந்தன என்று ஒரே ஒரு வரி, உடனே அடுத்த சண்டை. எந்தக் கடல் கதையிலும் இப்படி ஒரு வரி வரும், நாங்களும் மூச்சுவிடாமல் தாண்டிப் போய்விடுவோம். இந்தத் தடவை என்னால் தாண்ட முடியவில்லை. என் பிள்ளை அந்த வரிக்குள்தானே இருக்கிறான்.

காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள், பெயிண்ட் கையோடு சாப்பிட உட்காராதே, குளிர் காற்றில் தலையை மூடிக்கொள். எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்ததுதான். ஞாபகமாக, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு. ஒன்றும் நடக்கவில்லை என்று சொல், முழுசாகச் சொல், நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா