கோழி இல்லாத கூண்டு

என் அக்கா மகள், செல்ல மருமகள் எஸ்தருக்கு,

சபைப் பத்திரிகைக்கு உன் நினைவாக எழுதித்தரச் சொன்னார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் போய்க் கேட்டார்களே என்று நினைக்காதே. நரம்பு விஷயத்தில் இந்த வட்டாரத்திலேயே உனக்கு அடுத்தபடி நான்தான். இல்லையென்று சொல்ல நீயும் இல்லை.

வாசிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ ஊசி போடுகிற டாக்டர் இல்லை. காலேஜில் உடலியல் பாடம் நடத்திக்கொண்டு, தவளைக் காலிலிருந்து எடுத்த நரம்பில் சேதி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளந்தவள். அந்த நரம்பின் மின்சாரம் கொசு விடும் மூச்சு மாதிரி. பக்கத்து லைனில் மின்சார ரயில் போனாலே அமுங்கிவிடும். அதைக் காக்கக் கம்பிவலைக் கூண்டு வேண்டும் என்று பல்லாவரத்தில் என் கடைக்கு வந்தாய். இருந்தது கோழிக்கூண்டு வலைதான். நானே வந்து கட்டினேன். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம்கூட அதைக் கண்டு ஒதுங்கித்தான் போனது. காலேஜ் பியூன் மாணிக்கம்தான் முட்டை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு காலேஜைச் சோதிக்க டெல்லியிலிருந்து அந்தக் குழு வந்தது, நினைவிருக்கிறதா? அவர்கள் கண்முன் நரம்பின் சேதி திரையில் தெரிந்தால் அந்த அறை உன் ஆராய்ச்சிக்கு. தெரியாவிட்டால் உடைந்த பெஞ்சு போடும் இடம். நம் ஊரில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அசையாத எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். அன்று காலை வந்து பார்த்தால் கூண்டு பச்சைப்பசேல் என்று நிற்கிறது. திரையில் கோடு ரம்பப் பல்லாக நடுங்குகிறது.

"பெரியவங்க வராங்கோ, அளகா இருக்கட்டுமேன்னு அடிச்சேம்மா," என்றார் மாணிக்கம்.

நீ அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "எர்த் கம்பி தொடுற இடத்துல பெயிண்ட் ஏறிடுச்சு மாமா. சுரண்டணும். அவங்க மாடி ஏறிட்டாங்க, கொஞ்சம் நிறுத்தி வைங்க," என்றாய்.

நிறுத்தினேன். முப்பது பேர், எல்லாரும் கோட்டு சூட்டு. வராந்தாவில் நரம்பைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். வலை ஜெர்மனியில் நெய்தது என்றேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நீங்க எந்த டிபார்ட்மெண்ட் சார்?"

"கம்பி டிபார்ட்மெண்ட் சார்."

அதற்குள் கதவைத் திறந்தாய். நகமெல்லாம் பச்சை. உள்ளே கோடு குளத்துத் தண்ணீராக அசையாமல் கிடந்தது. நீ சுவிட்சைத் தட்டியதும் ஒரே ஒரு மேடு எழும்பி அடங்கியது. முப்பது பேரும் திரைப் பக்கம் குனிந்தார்கள். அறை உன்னுடையதாயிற்று. அதற்குப் பிறகு நீ எழுதிய கட்டுரையெல்லாம் அங்கே இருந்துதானே?

இப்போது அங்கே உன் மாணவி வசந்தா வேலை செய்கிறாள். உன் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். குடையையும் செருப்பையும் மட்டும் கொண்டுவந்தேன். மற்றது அங்கேயே இருக்கட்டும்.

அக்காதான், உன் அம்மாதான், "அந்த ரூம்ல எம்பொண்ணு அப்படி என்னத்தடா பார்த்தா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தவளை அறுக்கிற இடம் என்று ஒருநாளும் அந்தப் பக்கம் வராதவள். வராந்தாவில் செய்த பிரசங்கத்தையே அவளிடமும் செய்து பார்த்தேன்; திரும்பவும் அதையே கேட்கிறாள்.

வசந்தா அடுத்த முறை நரம்பு வைக்கும்போது அக்காவைக் கூட்டிப்போய்த் திரைக்கு முன்னால் உட்கார வைப்பேன். அந்த மேடு எழும்பும்போது நான் பக்கத்தில் நின்று ஒன்றும் பேசமாட்டேன். இது சத்தியம்.

உன் தாய்மாமன்,
பல்லாவரம் கம்பிக்கடை சாமுவேல்