நுணுக்கம் போதாது

மார்ச் 2, சனி
அலோர் ஸ்டாரில் சிறுகதைப் பட்டறை. தர்மலிங்கம் சார் தன் பேச்சில் ‘நுணுக்கம்’ என்று பதினொரு முறை சொன்னார். எண்ணினேன். நல்ல கதைக்கும் அதே சொல், தனக்குப் பொன்னாடை போர்த்தியவரின் கதைக்கும் அதே சொல். என் கதையை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் தந்தார். “நளினி, நோயாளி இருக்கா, நோயையே காணோம்லா. நுணுக்கம் போதாது.” எல்லாரும் சிரித்தார்கள். ஆகஸ்டில் போட்டி. அவர்தான் நடுவர். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்தே வாங்கிக் காட்டுகிறேன்.

மார்ச் 5
நோயாளிக்கு எங்கே போவது? செமிலிங் ஊரில், இந்த வீட்டு முன்னறையிலேயே கிடக்கிறாள். கணவர் வசந்தனின் அக்கா, ரமணி அண்ணி. வாதம் வந்து எட்டு மாதம். பேச்சு போய்விட்டது, விழுங்குவதும் கஷ்டம். வசந்தனைத் தூக்கி வளர்த்தவள். அவருக்கு அவள்தான் சாமி. எனக்கு மூன்று வேளைக் கஞ்சி. இன்று முதல் வெறுமனே ஊட்டவில்லை, பார்த்துக்கொண்டே ஊட்டுகிறேன்.

மார்ச் 19
கஞ்சி இடது கடைவாயில் வழிந்தால் வலது கண்தான் முதலில் கலங்குகிறது. எந்த எழுத்தாளருக்கு இது தெரியும்? துடைக்காமல் விட்டுப் பார்த்தேன். காய்ந்ததும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறது. குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2
கிளினிக்கிலிருந்து மிஸி, அந்த நர்ஸம்மா, வந்தார். புரையேறினால் உடனே சாய்த்து முதுகில் தட்ட வேண்டுமாம். தலையாட்டினேன்.

ஏப்ரல் 16
அண்ணி போய்விட்டாள். காலைக் கஞ்சி புரையேறியது. வசந்தன் ஃபேக்டரியில் இருந்தார். நான் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன் — அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன்.

மே 6
கருமாதி முடிந்து ஐந்தாம் நாள். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. அழுகை வரலையே... ஏன் வரலை?

ஆகஸ்ட் 24
முதல் பரிசு! சார் மேடையிலேயே வாசித்தார். கரண்டி விழுந்தது, அவள் மோதிரக் கையால் கட்டில் கம்பியை மூன்று முறை தட்டியது, கண்கள் கதவருகே போய் நின்றது, நான்காவது முறை கை எழும்பாமல் போனது. “அடடா, என்ன நுணுக்கம்!” வசந்தன் முன்வரிசையில் இருந்தார். கைதட்டவில்லை.

ஆகஸ்ட் 25
காலையிலேயே கேட்டுவிட்டார்.
“அக்கா கதவப் பார்த்தாங்கன்னு எழுதியிருக்கே. கதவுகிட்ட யாரு நின்னா?”
“கதைங்க அது. கற்பனைலா.”
அவர் கட்டில் கம்பியில் விரல் வைத்தார். “இங்க மூணு கீறல் இருக்கு நளினி. வந்து எண்ணு.”
இத்தனை பார்த்தேன், அதைப் பார்க்காம விட்டுட்டேனே. பாவி நான்.

அடுத்த ஆண்டு, மே 2
எட்டு மாதமாக வசந்தன் என்னோடு பேசவில்லை. கட்டிலை எடுக்கவும் விடவில்லை. கஞ்சிக் கரண்டிகூட அதே இடத்தில் இருக்கிறது. இன்று வாயைத் திறந்தார்.
“திதிப்படி நாளன்னிக்கு அக்காவுக்கு முதல் திவசம். பெண்டாங்கிலேர்ந்து சொந்தக்காரங்க எல்லாம் வராங்க. சாமி கும்பிட்டதும் உன் கதையை நீயே வாசி. ஒரு வரி விடாம.”
பரிசுக் கதைகள் அச்சான புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ‘கதவருகே’ என்ற சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்.