வேலங்காட்டுப்புதூர் நகராட்சி ஆனபோது

8 ஆகஸ்ட் 2025, வெள்ளி

பள்ளிக்குப் போகும் வழியில் ஊராட்சி அலுவலகப் பலகையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். முழுதாக அல்ல. 'ஊ' என்ற ஒரே எழுத்தைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் 'நக' என்று நெருக்கி எழுதினார் பெயின்டர். அவ்வளவுதான், நாங்கள் நகரவாசிகள்.

நகராட்சித் திறப்பு விழா மலருக்கு ஊரைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். "தமிழ் டீச்சர் நீங்க இருக்கறப்ப வேற யாரைக் கேக்கறதுங்க?" என்றார் தலைமையாசிரியை. ஒத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதுவதற்காகக் காலையிலேயே ஊரைச் சுற்றினேன். கல்யாணமாகி வந்தபோது சோளக்காடாக இருந்த இடமெல்லாம் இப்போது கம்பெனி. இந்தியில் பெயர் எழுதிய மளிகைக்கடை, பானிபூரி வண்டி, வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகள், அதற்கு நடுவே தப்பிப் பிழைத்த ஒற்றை முருங்கை. ஓடையில் தண்ணீர் நேற்று ஊதாவாகப் போயிற்று, இன்று ஒரு மாதிரி மஞ்சள். எதை எழுதுவது, எதை விடுவது?

வீட்டுக்காரர் முருகவேல் நடத்தும் எங்கள் தையல் யூனிட்டில் கூட்டிப் பெருக்கும் பழனாயி கூட வந்தாள். நகராட்சி ஆனதால் நூறு நாள் வேலை நின்றுவிட்டது என்று வழியெல்லாம் புலம்பல். ஊரின் பெரிய நிலக்காரர் பொங்கியண்ணன் ஐயாவின் லைன் வீடுகள் வந்ததும் பேச்சை நிறுத்தினாள்.

"இந்த எடத்துல பெரிய கெணறு இருந்துச்சுங்க கண்ணு. ஏத்தம் போட்ட கெணறு. தண்ணி வத்துனதும் கம்பெனிக் கட்டிங் வேஸ்டு, சாயப்பட்டறைக் கசடு, எல்லாத்தையும் லாரி லாரியாக் கொட்டி ரொப்புனாங்க. மேல கிராவல் மண்ணு. அதுமேல ஊடு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் கால் கூசியது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

லைன் வீட்டுக்குப் போனேன். எங்கள் யூனிட்டில் ஓவர்லாக் தைக்கும் ராபின் அங்கேதான் மனைவியோடு குடியிருக்கிறான். ஜார்க்கண்ட் பையன், தமிழ் நன்றாகப் பேசுகிறான். கதவு சாத்தவே வரவில்லை என்று அடிப்பக்கத்தைச் சீவி வைத்திருக்கிறான். சுவரில் தரையிலிருந்து ஜன்னல்வரை ஒரு விரிசல். அதில் பழைய பனியன் துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள்.

பக்கத்து அறையில் கன்னையன். சங்கரன்கோவில் பக்கம், நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். நாங்கள் பேசும் சத்தத்தில் எழுந்து வந்தார்.

"படுத்தா தரைக்குள்ள கரகரன்னு சத்தம் கேக்கு டீச்சர். எலின்னு நெனச்சேன்."

எலியாக இருக்கட்டும் முருகா.

5 செப்டம்பர், வெள்ளி

இவரிடம் சொன்னேன். முருகவேல் மிஷினுக்கு எண்ணெய் விட்டபடியே கேட்டார். "நம்ம யூனிட் ஷெட்டும் பொங்கியண்ணன் ஐயாவோடதுதான் சுதா. தீபாவளி ஆர்டர் கைல இருக்குது. நமக்கெதுக்கு?" பிறகு தானே, "ராபினை மட்டும் வேற எடம் பாக்கச் சொல்லு" என்றார்.

ராபினை மட்டும்.

9 செப்டம்பர், செவ்வாய்

சாயங்காலம் யூனிட்டில் பொங்கியண்ணன் ஐயா. வெள்ளை வேட்டி, கையில் எனக்கென்று ஒரு சீப்பு பூவன்பழம். இந்த ஊரில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"ஏனுங்க டீச்சர், நம்ம லைன்ல குடியிருக்கறவங்க பயந்து கெடக்கறாங்களாமா. பூச்சு விரிசல் எந்தூட்டுல இல்லீங்க? மலருக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க. நம்மூரு பேரு வெளிய தெரியோணும்."

ஆகட்டுங்க என்றேன். வேறென்ன சொல்வேன். போகும்போது வாசலில் நின்று ஷெட்டின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கூரைய மாத்திக் கட்டோணுமுங்க. காலி பண்ணித்தான் செய்யோணும். பாப்போம், அவசரமில்லீங்க."

அவர் போனபிறகு இவரும் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

12 செப்டம்பர், வெள்ளி

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். கிணறுகளைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். யார் பெயரும் போடவில்லை. 'மூடிய கிணறுகளின் மேல் குடியிருப்புகள் நிற்கின்றன. நகராட்சி முதலில் பார்க்க வேண்டியது இதுவே.' இவ்வளவுதான்.

15 செப்டம்பர், திங்கள்

திறப்பு விழா. பந்தல், நாதஸ்வரம், கேசரி. மலரைப் புரட்டினேன். என் பெயர் இருந்தது, படம் இருந்தது, அந்தப் பத்தி இல்லை. அந்த இடத்தில் ஒரு கம்பெனியின் வாழ்த்து விளம்பரம்.

புதிதாக வந்திருக்கும் பொறியாளரைக் கூட்டத்தில் பிடித்துச் சொன்னேன். நல்ல பையன்தான். "மேடம், எனக்கு இன்னும் சேரே வரலைங்க. ரெண்டு ஊராட்சியச் சேத்து ஒண்ணாக்கிட்டாங்க, ஆள் போடலை. எழுதிக் குடுங்க, பாக்கறேன்." எழுதிக் கொடுத்தேன். முறையிட வார்டு மெம்பர்கூடக் கிடையாது. பழையவர்களுக்குக் காலம் முடிந்துவிட்டது, புதியவர்களுக்குத் தேர்தல் எப்போதென்று யாருக்கும் தெரியவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

மூன்று நாளாக மழை. ராபினும் மனைவியும் சாமான்களோடு யூனிட்டின் பின்னறைக்கு வந்துவிட்டார்கள். இவர்தான் போய்க் கூட்டிவந்தார், நான் சொல்லாமலே.

கன்னையனையும் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்கிறார். "பகல்ல தூங்குதவனுக்கு எவன் டீச்சர் ரூம் குடுப்பான்? இங்கன கம்பெனி பக்கம். தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்து வேற பாக்கேன்." மகளுக்கு எடுத்த பாவாடை சட்டையைக் காட்டினார். அளவு சரியாக இருக்குமா என்று என்னைக் கேட்டார். பெரிதாக இருந்தால் பரவாயில்லை, வளர்கிற பிள்ளை என்றேன்.

16 அக்டோபர், வியாழன்

இடிந்துவிட்டது.

17 அக்டோபர், வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். பள்ளிக்கூடம்வரை சத்தம் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. ஓடினேன். லைன் வீட்டின் நடுப்பகுதி இல்லை. சரிந்து கிடக்கவில்லை, காணோம். அந்த இடத்தில் ஒரு வட்டம். கிணற்று வட்டம். உள்ளே கருப்பாக மட்கிய துணியும் சேறும், அதன் மேல் ஓடு, கட்டில், சுவர். சாய நாற்றம் மூக்கைப் பிடுங்கியது.

மற்றவர்களெல்லாம் ஷிப்டில் இருந்தார்கள். கன்னையன் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் இன்னொரு தடவை போயிருக்கோணும். கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கோணும். பாவாடை அளவு பாத்துச் சொல்லிட்டு வந்துட்டேன்.

18 அக்டோபர், சனி

கன்னையனின் உடலை எடுத்துவிட்டார்கள். ஊரிலிருந்து மனைவி வந்திருந்தாள். மகளைக் கூட்டிவரவில்லை. நான் யாரென்று அவளிடம் சொல்லவில்லை.

22 அக்டோபர், புதன்

விசாரணை. கனமழையால் பழைய கட்டடம் இடிந்தது என்று ஆகப்போகிறது. கிணறு என்ற சொல்லை அங்கே நான் மட்டுமே சொன்னேன். அங்கே கிணறு இருந்ததை நேரில் பார்த்தவர் யார் என்றார் அதிகாரி. பழனாயியைக் கூப்பிட்டேன். எதிரே நாற்காலியில் பொங்கியண்ணன் ஐயா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

பழனாயி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, "எனக்கு வயசாயிப்போச்சுங்க சாமி, ஒண்ணும் ஞாபகமில்லீங்க" என்றாள்.

அந்த வட்டத்தைப் பார்த்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குள் மண் கொட்டி நிரவியும் விட்டார்கள்.

2 நவம்பர், ஞாயிறு

கூரையை மாற்றவேண்டுமாம், ஷெட்டைக் காலி செய்தோம். மண்ணரை என்ற ஊரில் ஒரு மாடி வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. மிஷின்களை ஏற்றும்போது இவரிடம், "என்னாலதான்" என்றேன். "உன்னால இல்லை, அப்படி யாருகிட்டயும் சொல்லிடாதே. நாந்தான் அன்னிக்கே கன்னையனையும் கூட்டிட்டு வந்திருக்கோணும்" என்றார். பிறகு இருவருமாகக் கடைசி மிஷினைத் தூக்கினோம்.

பழனாயி மண்ணரைக்கு வரவில்லை.

19 நவம்பர், புதன்

முதல் மணி அடிக்கும்முன் பள்ளி வாசலில் பழனாயி. விசாரணைக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். உள்ளே வா என்றால் கேட்டைத் தாண்டமாட்டேன் என்கிறாள்.

"அன்னிக்குப் பொய் சொல்லிப்போட்டனுங்க கண்ணு. எம்பையன் பொங்கியண்ணன் ஐயா வண்டிதான் ஓட்டறான். ஆனா நேத்து மழையில படுத்தாத் தூக்கம் வரலீங்க." புதிதாகக் கட்டிய வகுப்பறைப் பக்கம் கையை நீட்டினாள். "இதும் அவிய காடா இருந்ததுதான். அந்த ரெண்டு ரூமு இருக்கற எடத்துல நான் தண்ணி எறைச்சிருக்கேன்."

அங்கே ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். பிள்ளைகள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். சத்தம் போடாமல் போய் வாசலில் நின்று, எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியே வாருங்கள் என்றேன். கடைசிப் பிள்ளை வரும்வரை தலைகளை எண்ணிக்கொண்டே நின்றேன்.

தலைமையாசிரியை கேட்டதும் பழனாயி அதையே திரும்பச் சொன்னாள். பொறியாளர் வந்தார், அவரிடமும் சொன்னாள். இந்தத் தடவை தலைப்பை முறுக்கவில்லை. லைன் வீட்டையும் சேர்த்துச் சொன்னாள்.

24 நவம்பர், திங்கள்

மாரியம்மன் கோவில் மண்டபத்தில் வகுப்பு. பள்ளிக் கேட்டில் 'பராமரிப்புப் பணி' என்று பலகை. வகுப்பறைத் தரையில் துளை போட்டார்களாம். கம்பி மண்ணில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது என்றார் பொறியாளர். மேலே எழுதியிருக்கிறார். லைன் வீட்டு விசாரணையைத் திரும்ப எடுக்கிறார்கள் என்று கேள்வி. பொங்கியண்ணன் ஐயா கோயம்புத்தூரில் ஏதோ ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். பழனாயி மகனுக்கு வேலை போய்விட்டது.

செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். மதுமதி என்ற பிள்ளை எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்கூடு எது மேலங்க இருக்குது?"

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"தெரியலையே கண்ணு. வீட்டுப் பெரியவங்களக் கேட்டுட்டு வா."

வகுப்பு முழுவதும் குனிந்து அதை எழுதிக்கொண்டது, வீட்டுப்பாடம் என்று நினைத்து. நான் திருத்தவில்லை.