தங்க நிறப் பூச்சிட்ட பல் தகடுகளைத் திரும்பப் பெறக் கோரும் மனு

அனுப்புநர்
பாலிஷ் பிரிவுத் தொழிலாளி,
பல் உலோக வேலைக்கூடம்.
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு அலுவலர் அவர்கள்,
மருத்துவக் கருவிகள் தரக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

பொருள்: முழுமையாக பாலிஷ் செய்யாத உலோகத்தின் மேல் பூச்சிட்ட பல் தகடுகள் – அவற்றில் கிருமி படிதல் – என் தங்கையின் மரணம் – மேலும் அறுபத்திரண்டு தகடுகளைத் திரும்பப் பெற வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்தொன்பது ஆண்டுகளாகப் பல் தகடுகளுக்கு பாலிஷ் போட்டு வருகிறேன். கழற்றி மாட்டும் பல் செட்டின் உலோக அடிப்பாகத்தையே தகடு என்போம். வார்ப்பிலிருந்து வரும்போது சொரசொரவென்று இருக்கும். முதலில் கல் சக்கரம், பிறகு ரப்பர் சக்கரம், கடைசியில் பசை தடவிய கம்பளிச் சக்கரம். மூன்றும் முடிந்தால் நாக்குக்கு உறுத்தாது. வழவழப்பு அழகுக்காக அல்ல. கிருமி பிடித்துக்கொள்ள இடம் இருக்கக் கூடாது என்பதற்காக.

2. சென்ற ஆண்டு எங்கள் கூடத்துக்குத் தங்க நிறப் பூச்சு இயந்திரம் வந்தது. தகட்டின் மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய படலம் படியும். அதில் கிருமி குறைவாகவே ஒட்டும் என்று சோதனைத்தாளில் இருந்தது. நானும் நம்பினேன். அந்தச் சோதனை கண்ணாடிபோல் தேய்த்த வில்லைகளில் நடந்தது.

3. என் தங்கை, வயது நாற்பத்து நான்கு, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். படியில் விழுந்து மேல்வரிசையில் நான்கு பற்களை இழந்தாள். ஒலிபெருக்கியில் பேசும்போது காற்று போகிறது என்று சொல்லிச் சிரித்தாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு இதய வால்வில் கோளாறு உண்டு. ஆகவே நானே பல் மருத்துவரிடம் பேசி, தங்க நிறத் தகடே வேண்டும் என்றேன்.

4. அவள் தகடு எங்கள் கூடத்துக்கு வந்த அதே வாரத்தில் மேற்பார்வையாளர், "மேல பூச்சு வருதுல்ல, அடியில இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுது? கல்லு போட்டதும் அனுப்பிடு" என்றார். அத்தனை மெல்லிய படலம் எந்தக் கீறலையும் நிரப்பாது என்று ஒருமுறை சொன்னேன். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுறை சொல்லவில்லை. தகடுகள் வரும் தட்டுகளில் எண் மட்டுமே இருக்கும். எது அவளுடையது என்று நான் தேடிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருக்கலாம்.

5. "எங்கண்ணன் கையால செஞ்சது, நகை மாதிரி இல்ல?" என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டினாளாம். மூன்றாம் மாதம் ஈறு வீங்கியது. ரத்தம் வந்தது. சரியாகத் தேய்ப்பதில்லை என்றார் பல் மருத்துவர். வீட்டில் நானும், "ஒழுங்கா தேய்ச்சா எதுக்கு வீங்குது?" என்றேன். முரட்டு பிரஷ் ஒன்று வாங்கி வந்து தேய்த்தாள்.

6. பிறகு காய்ச்சல். மூன்று வாரம் சாதாரணக் காய்ச்சல் என்றிருந்தோம். மருத்துவமனையில் வால்வில் கிருமி தங்கிவிட்டது என்றார்கள். ரத்தத்தில் இருந்தது வாயில் வாழும் வகை. "வாயிலேர்ந்து போயிருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். அவர் சொன்ன இரண்டையும் அப்படியே எழுதுகிறேன். பதினோராம் நாள் இறந்துபோனாள்.

7. மூக்குக் கண்ணாடியோடு சேர்த்துத் தகட்டையும் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வேலை மேசையில் உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பல்லைப் பிடிக்கும் கொக்கிகளின் ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தது. அங்கே பழுப்பாக ஒரு படிவு. பூச்சு உரியாத இடத்தில் தங்க நிறத்துக்கு அடியில் கல் சக்கரத்தின் கோடுகள், எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து. எங்கள் பிரிவில் இடது கைக்காரன் நான் ஒருவனே. அதன் பிறகு அன்றைய தகடுகளை முடித்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

8. கூடத்தின் முதலாளியிடம் காட்டினேன். "உங்க தங்கச்சிக்கு ஏற்கெனவே இதயக் கோளாறுதானே" என்றார். பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுக்கவில்லை. அனுப்புகைப் பதிவேட்டில், மேற்பார்வையாளரின் அந்த உத்தரவுக்குப் பிறகு போன தங்க நிறத் தகடுகள், அவளுடையது நீங்கலாக, அறுபத்திரண்டு. அவற்றை அணிந்திருப்பவர்களில் யாருக்கு இதயக் கோளாறு என்று எனக்குத் தெரியாது. அவர்களின் பல் மருத்துவர்களுக்குத் தெரியும்.

எனவே தங்களை வேண்டுவது:

அ. இத்துடன் மூடிய கண்ணாடிக் குப்பியில் உள்ள தகட்டைச் சோதிக்க வேண்டும். அதை நான் கழுவவில்லை.

ஆ. இணைத்துள்ள அறுபத்திரண்டு எண்களுக்குரியவர்களைத் தேடி, இதயக் கோளாறு உள்ளவர்களிடமிருந்து முதலில், தகடுகளைத் திரும்பப் பெற வேண்டும்.

இ. மூன்று சக்கரமும் போடாத தகட்டில் பூச்சிடத் தடை விதிக்க வேண்டும்.

ஈ. விசாரணையில் என்னைச் சாட்சியாக மட்டும் எழுத வேண்டாம். அந்தக் கோடுகள் என் கை போட்டவை.

இந்த வாரம் இன்றுவரை மூன்று சக்கரமும் போட்டே அனுப்பினேன். வேலை தாமதமாகிறது என்று திங்கள் முதல் என்னைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாலிஷ் மேசைக்கு வேறு ஆள் வருகிறார். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. தாங்கள் திங்களுக்கு முன் வந்தால் நல்லது ஐயா.

இப்படிக்கு, உண்மையென ஒப்பமிடும்,
(ஒப்பம்)
பாலிஷ் பிரிவுத் தொழிலாளி

இடம்: வேலைக்கூடத்தின் உணவு அறை
நாள்: 13.06.2019, வியாழன்

இணைப்பு: தகடு – 1, எண்களின் பட்டியல் – 2 தாள், மருத்துவமனை அறிக்கை நகல் – 4 தாள்