காவல்காரர் உட்காரச் சொன்ன புல்வெளி

அன்பு மாறாத மச்சான் ஆறுமுகம் அவர்களுக்கு,

சீமையிலிருந்து திரும்பிய மறுநாள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். “மாப்ள, நெல்லும் போடாம, வீடும் கட்டாம, ஒரு ஊரே நிலத்தச் சும்மா விட்டு வச்சிருந்தா அந்த ஊர என்னன்னு சொல்லுவீக?” சோம்பேறி ஊர் என்று சொல்வேன் என்றேன். வாத்தியாருக்கே விடை தெரியவில்லையே என்பதுபோல் சிரித்தீர்கள்.

செட்டியார் வீட்டுப் பிள்ளை அங்கே படிக்கப் போனபோது, அவருக்குச் சமைத்துப் போடக் கப்பலேறியவர் நீங்கள். மதில் சூழ்ந்த பழைய ஊராம் அது. போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் ஆற்றோரத் தோட்டத்தைப் பார்த்தீர்கள். நடுவில் இடிந்த மடம் ஒன்றின் கல்வளைவுகள். சுற்றிலும் ஒரே உயரத்தில், ஒரே பச்சையில் புல். உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டில் பிறந்த கண்ணுக்கு அது நாற்றங்காலாகத்தான் தெரிந்தது. பாதையை வரப்பு என்று எண்ணி ஓரமாகவே நடந்தீர்கள். ஒரு துரைசானி இரண்டு குழந்தைகளோடு புல்லின் நடுவே உட்கார்ந்து ரொட்டி தின்பதைக் கண்டதும் மனம் பொறுக்கவில்லை. நாற்று மிதிபடுகிறது, எழுந்திருங்கள் என்று கையைத் தட்டித் தமிழிலேயே விரட்டினீர்கள். காவல்காரர் ஓடி வந்தார்.

“புடிச்சுக் குடுக்கப் போறான்னு நெனச்சேன் மாப்ள. தோளத் தொட்டு என்னையும் அங்கயே உக்காரச் சொன்னான். காவக்காரன் உக்காரச் சொல்ற எடத்த எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?”

பிறகு மதிலடியில் அகழி இருந்த சரிவெல்லாம் மஞ்சள் பூவாகப் பூத்ததைச் சொன்னீர்கள். ஊரை ஒட்டிய வெளியில் ஊரார் மாடுகள் மேய்வதையும், பத்துப் பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத மரங்களையும் சொன்னீர்கள். நான் நம்பவில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வீடும் சுவருமாகவே பார்த்து வளர்ந்தவன் எப்படி நம்புவேன்?

பல வருஷம் கழித்து ஒருநாள் வகுப்பில், பொதுச்சொத்துக்கு எடுத்துக்காட்டாக ஊரணியைச் சொன்னேன். அதில் யாரும் குடம் நிரப்பலாம், யாரும் வீடு கட்ட முடியாது என்றேன். சட்டென்று விளங்கியது. அந்த ஊர்க்காரர்கள் புல்லுக்கு ஓர் ஊரணி வைத்திருக்கிறார்கள்! ஆனால் ‘யாரும்’ என்று சொன்ன நாக்கு கூசியது. நம் ஊரணியில் எல்லோரையுமா இறங்க விடுகிறோம்? அங்கே மொழி தெரியாத ஒரு சமையல்காரரை உட்காரச் சொன்னார்களே.

போன வருஷப் புரட்டாசியில் காய்ச்சலோடு கிடந்தபோது, பிள்ளையில்லாத நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். ரயிலடிக்குப் போகும் வழியில் இருக்கும் உங்கள் புஞ்சையில் யாரும் எதுவும் கட்ட வேண்டாம், ஊருக்கு விட்டுவிடுங்கள் என்றீர்கள். பார்ப்போம் என்றேன். சரி என்று சொல்லியிருக்கக் கூடாதா? மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

நிலம் உங்கள் தங்கைக்கு வந்தது. எங்கள் இளைய மகளுக்கு அங்கே வீடு கட்ட வேண்டும் என்று முளையடித்துக் கயிறும் கட்டிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அஸ்திவாரம் தோண்ட நாள் குறித்திருந்த வாரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

இருபது நாள் கழித்து மழை விட்டதும் நானும் அவளும் போனோம். மச்சான், வைகாசியில் விரல் நுழையும்படி வெடித்துக் கிடந்த மண்ணா அது? அறுகு, கோரை, தும்பை, பெயர் தெரியாத எத்தனையோ பச்சை. இடையிடையே குங்குமம் சிந்தியதுபோல், மழைக்கு மண்ணிலிருந்து ஊர்ந்து வந்த செக்கச்சிவந்த பட்டுப்பூச்சிகள். விதைத்தது யார்? அறுபது வயதுவரை இந்த மண்ணில் நடந்தும், அடியில் இவ்வளவு காத்துக் கிடப்பதை நான் அறியவில்லை. உங்கள் தங்கை குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீங்கள் கேட்டதையும் நான் பார்ப்போம் என்றதையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

“எங்கண்ணன் கதை விடுதுன்னு நானுந்தான் சிரிச்சேன்” என்றாள். பிறகு, “இத ஒரு வருசமா வயித்துக்குள்ள வச்சிருந்தீகளாக்கும். முளையப் புடுங்குங்க. மகளுக்கு நம்ம கொல்லையில கட்டிக்கிருவோம்.”

மகள் என்னோடு இன்னும் பேசவில்லை. கொல்லையில் இரண்டு அறைக்கு மேல் வராது. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

நிழலுக்கு நாலு புங்கங்கன்று வைக்கிறேன். வேலிக்குக் கதவு போட மாட்டேன். வந்து உட்காருகிறவர் எந்தத் தெரு என்று நான் கேட்க மாட்டேன். எல்லோரையும் ஏன் விட்டாய் என்று கேட்க வருகிறவர்களுக்கு உயிரோடு இருக்கும்வரை நானே பதில் சொல்வேன். இது என் வாக்கு.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: அடுத்த மழைக்கு முன் கட்டிலகல மண்ணை ஆடு மேயாமல் முள் வைத்து அடைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அதில் எத்தனை வகைச் செடி என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் தங்கையின் கையைப் பிடித்தவன்,
மாப்பிள்ளை சுப்பையா
காரைக்குடி