கறுப்பா போனா கேக்கணும்

பிப்ரவரி 3, திங்கள்

யாரும் பார்க்கல, அதனால எழுதிடறேன். இன்னிக்கு மச்சான் ஹேமநாத்தோட லேப்டாப்புக்கு விபூதி வெச்சேன். மூடி மேல மூணு விரலால, ஆயுதபூஜைக்கு வண்டிக்கு வைக்கிற மாதிரி.

ஹேமநாத் சொன்னபடிதான் தட்டினேன். பெட்டி ஒண்ணு, சக்கரம் மூணு, மஞ்சள் கலர். நியாயமா ஸ்கிரீன்ல என்னுது மாதிரி ஒரு ஷேர் ஆட்டோ வரணும். வந்தது கறுப்பு. உடைச்சுட்டேன்னு பயந்து, அணைச்சு, விபூதி வெச்சு, திரும்பப் போட்டேன். அப்பவும் கறுப்பு.

அவன் வந்து பார்த்தான். "படத்துக்குள்ள விளக்கு வைக்கலயே மாமா. ஆட்டோ அங்கதான் நிக்குது, இருட்டுல."

"அத வாயத் திறந்து சொல்லாதா உன் மிஷினு?"

"எந்த மிஷினும் சொல்லாது மாமா."

விபூதியத் துடைச்சுகினே சொன்னான். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா இவ்வளவு வெக்கம் இருந்திருக்காது.

பிப்ரவரி 4

கம்ப்யூட்டர்ல படம் காட்ட எழுதுறது பெரிய பேஜாராம். ஒரு முக்கோணம் வரவே நூறு வரிக்கு மேல தட்டணுமாம். அதைச் சுலபமாக்க இவன் புதுசா ஒரு மொழியே செய்யறான், தமிழ்லயே தட்டுற மாதிரி. ஒண்ணுமே தெரியாத ஆளு தட்டிப் பார்த்தாதான் மொழி தேறுச்சா இல்லையான்னு தெரியும். தாம்பரம் பூரா தேடி என்னைப் பிடிச்சிருக்கான்.

"ஆறாங்கிளாஸ், அதுவும் பாதில. உங்க தகுதி யாருக்கு வரும் மாமா?"

ஊரையே கிண்டல் பண்றவன் நான். என்னையே ஓட்டறான்.

ஆனா 13-ம் தேதி பெருங்குடில ஒரு கேம் கம்பெனிக்காரங்க முன்னாடி நான் உக்காந்து தட்டணும். அவங்க ஒத்துக்கினா புதுசா சேர்றவங்களுக்கு இந்த மொழியிலதான் சொல்லிக் குடுப்பாங்க. இவனுக்கும் இதுவே வேலை. இல்லன்னா புனேல கூப்பிடற வேலைக்கு 15-க்குள்ள சரின்னு சொல்லிட்டு ரயில் ஏறணும். மொழி பரண் மேல போயிடும்.

பிப்ரவரி 6

சோறு போடும்போது பொண்டாட்டி புஷ்பம் ஆரம்பிச்சா. "நல்ல வேலைய வுட்டுட்டு என் தம்பி இப்பிடி ஒக்காந்துகினு கீறான். எந்தப் பாவி சொல்லிக் குடுத்தானோ!"

நான் ரசம் கேட்டேன்.

அந்தப் பாவி நான்தான். போன தீபாவளிக்கு அவன் ஆபீஸைப் பத்திப் புலம்பினப்ப, "வுட்ரு மச்சான், என் வண்டில பின்சீட்டு காலியாதான் கீது"ன்னேன். சும்மா சொன்னது. நான் எல்லாத்தையும் சும்மாதான் சொல்றேன். அடுத்த மாசம் நெஜமாவே வுட்டுட்டான். நாப்பத்தெட்டு வயசுல முதல் முறையா என் பேச்சை ஒருத்தன் கேட்டிருக்கான். அதுவும் இதைப் போயா?

பிப்ரவரி 7

கறுப்பு.

பிப்ரவரி 8

கறுப்பு. இன்னா தப்புன்னே தெரியல. ரெண்டு தோசையோட எழுந்துட்டேன்.

பிப்ரவரி 9

கேம்ப் ரோட்டுல வண்டி நின்னுடுச்சு. பின்னாடி ஆறு பேர். இறங்கிப் பார்த்தேன் — கேஸ் கீதா, பேட்டரி ஒயர் கீதா, பிளக்கு கீதா. ஒயர்தான் கழண்டிருந்துச்சு. மாட்டிட்டுக் கிளம்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து மச்சானை வம்புக்கு இழுத்தேன். "என் ஓட்டை வண்டிகூட இருமிட்டுதான் நிக்குது. உன்னுது பேச்சு மூச்சில்லாம நிக்குது. கறுப்பா போனா அதுவே ஒவ்வொண்ணா பார்த்து, இது கீதா, அது கீதான்னு கேக்க வேணாமா?"

சிரிப்பான்னு நெனச்சேன். சிரிக்கல. "திரும்பச் சொல்லுங்க மாமா"ன்னு பேனாவை எடுத்தான்.

ஐயோ, இதையும் சும்மாதான்டா சொன்னேன்!

பிப்ரவரி 12

மூணு நாளா உள்ள எல்லாத்தையும் பிரிச்சு மாத்தியிருக்கான். நாளைக்கு டெமோ, யாராவது இப்ப பிரிப்பாங்களா? விளக்கு வைக்காம தட்டச் சொன்னான். கறுப்புக்கு நடுவுல எழுத்து வந்துச்சு: "விளக்கு வெச்சியா மாமா?"

"கம்பெனிக்காரங்களையும் மாமான்னுதான் கூப்பிடுமா?"

"அந்த மாமாவைக் காலைல எடுத்துடறேன்."

சட்டை இஸ்திரி போட்டாச்சு. ரெண்டு தடவை.

பிப்ரவரி 13

அஞ்சு பேர். நடுவுல சுப்ரஜா மேடம், அவங்கதான் பெரியவங்க. பெட்டி வெச்சேன், சக்கரம் வெச்சேன். விளக்கை மறக்கல, ரெண்டா வெச்சேன். கடைசியா கண்ணு. ஆட்டோவை எங்கேருந்து பார்க்கறதுன்னு இடம் சொல்லணும். இருபது வருஷமா நான் ஆட்டோவை எங்கேருந்து பார்க்கறேன்? டிரைவர் சீட்டுலேருந்து. அங்கயே வெச்சேன்.

கறுப்பு.

ஹேமநாத் பக்கம் திரும்பல. காதுல புஷ்பம் குரல்தான். எந்தப் பாவி, எந்தப் பாவி.

அப்புறம் எழுத்து வந்துச்சு: "கண்ணு பெட்டிக்குள்ள மாட்டிகினு கீது. வெளிய வந்து பாரு மாமா."

எடுக்க மறந்துட்டான்.

மேடம்தான் முதல்ல சிரிச்சாங்க. "எங்க பசங்க இந்தத் தப்புக்கு ரெண்டு நாள் முழிப்பாங்க சார்." என்னையா சார்னாங்க? கண்ணை வெளிய தூக்கி வெச்சேன். மஞ்சளா வந்து நின்னுச்சு என் வண்டி.

யோசிச்சு சொல்றோம்னாங்க.

பிப்ரவரி 15

போன் வரல. மணி மூணு. சாயந்திரத்துக்குள்ள புனேக்குப் பதில் சொல்லணும். தாங்க முடியாம புஷ்பத்துகிட்ட ஒத்துக்கினேன், நான்தான் அந்தப் பாவின்னு.

"தெரியும்யா. அவன் அன்னிக்கே சொல்லிட்டான். நீ எத்தினி நாளு ரசம் கேக்கறன்னுதான் பார்த்துகினு இருந்தேன்."

ஏப்ரல் 22

ராத்திரி ஏழு மணிக்கு சேலையூர்ல ரெண்டு பொண்ணுங்க ஏறினாங்க. கழுத்துல பெருங்குடி கம்பெனி அட்டை. "இன்னிக்கு மட்டும் மூணு தடவை என்னை மாமான்னு கூப்பிட்டுச்சுடி"ன்னா ஒருத்தி. "ஹேமநாத் சார் எடுத்துடறேன்னுதான் சொன்னாரு. மேடம்தான் வேணாம்னுட்டாங்க"ன்னா இன்னொருத்தி.

நான் திரும்பல. நல்லா கேக்கட்டும்னு மெதுவா ஓட்டினேன்.

போலீஸ்காரர் கை காட்டினார். ஹெட்லைட் போட்டியான்னு கேட்டார். போடல. போட்டேன். எரியல. அதையும் சேர்த்து ஃபைன் எழுதிக்கினார்.